நீராடும் நெறி



“கூழானாலும் குளித்துக் குடி” என்னும் பழமொழியை அறியாதவர் உங்களுள் இரார். வறுமையிலும் தூய்மை வேண்டும் என்பது அதன் பொருள் என்று வகுப்பில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்பீர்கள். அப்பொருள் சரியானதே. ஆயினும் அதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. நம் முன்னோர் “குடித்துக் குளி” என்று சொல்லவில்லை. “குளித்துக் குடி” என்றே சொன்னார்கள். குளியல் முந்தியது, உணவு பிந்தியது என்று ஒரு வரிசையை வகுத்தார்கள். அவ்வரிசை ஏன் வந்தது? அழுக்கைப் போக்குவது ஒன்றே குளியலின் பயன் என்றால், உண்ட பிறகு குளித்தாலும் அழுக்குப் போகத்தானே செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடினால் அது நம்மை ஆயுர்வேதம் வகுத்த நாள்நெறிக்கு அழைத்துச் செல்லும். அந்நெறியில் அன்றாட நீராடல் பெறும் இடத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இதனை நான் நூலில் படித்து மட்டும் அறியவில்லை. ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு தவறு செய்தும் அறிந்தேன். அதையும் மறைக்காமல் பின்னர்ச் சொல்வேன்.

ஆயுர்வேதம் என்றவுடன் கஷாயமும் லேகியமும் தைலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நோய் வந்தபின் நாடும் மருத்துவம் என்றே அதனைக் கருதுகிறோம். ஆனால் சரக சம்ஹிதை தன் நோக்கம் இரண்டு என்று கூறும்போது, நலமாக இருப்பவனுடைய நலத்தைக் காப்பதை முதலாவதாகவும், நோயுற்றவனுடைய நோயைத் தணிப்பதை இரண்டாவதாகவும் வைக்கிறது. நலம் காக்கும் அம்முதற் பகுதிக்குரிய ஒழுங்குகளுள் ஒன்றுதான் தினசரியை, அதாவது நாள்தோறும் கடைப்பிடிக்கும் நெறி. சரகர் தம் நூலின் சூத்திரஸ்தானத்தில் 5ஆம் அத்தியாயத்திலும், சுச்ருதர் சிகித்ஸாஸ்தானத்தில் 24ஆம் அத்தியாயத்திலும் இதனைப் பேசுகின்றனர். அவர்களுக்குப் பின் வந்த வாக்படர், அஷ்டாங்க ஹிருதயம் என்னும் நூலில், சூத்திரஸ்தானத்தின் 2ஆம் அத்தியாயத்துக்குத் தினசரியை என்றே பெயரிட்டிருக்கிறார். கேரளத்து வைத்தியர்கள் இந்நூலைத் தலைமேற்கொண்டு போற்றுவர். அதனை மனப்பாடம் செய்த முதியவர்கள் அங்கே பலர் இருந்தனர்.

வாக்படர் வகுக்கும் காலை வரிசையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நலமுள்ளவன் பிராம முகூர்த்தத்தில் எழவேண்டும். முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். கதிரவன் தோன்றுவதற்கு 96 நிமிடத்துக்கு முன் தொடங்கி 48 நிமிடம் நிற்பது அப்பொழுது. எழுந்தவன் காலைக்கடன் கழித்து, குச்சியால் பல் துலக்கி, கண்ணுக்கு மையிட்டு, பின்னர் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறான். அதன்பின் உடற்பயிற்சி. அதன்பின் பொடி தேய்த்தல். அதன்பின்னரே நீராடல். நீராடிய பிறகு உணவு. இவற்றுள் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு உடம்பை ஆயத்தம் செய்கிறது என்பதைக் கவனியுங்கள். நீராடல் தனித்து நிற்கும் ஒரு செயலாக அங்கே இல்லை. நான்கைந்து படிகள் கொண்ட ஏணியில் அது ஒரு படி.

முதலில் எண்ணெய். தமிழில் எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று. வடமொழியிலும் திலம் என்னும் எள்ளிலிருந்தே தைலம் என்ற சொல் பிறந்தது. இரு மொழியும் நல்லெண்ணெயையே எண்ணெய்களுக்கெல்லாம் தலைமையாகக் கொண்டிருப்பது கருதத்தக்கது. எண்ணெய் தேய்த்தால் களைப்பு நீங்கும், தோல் உறுதிப்படும், உறக்கம் நன்றாக வரும் என்று அந்நூல் கூறுகிறது. தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்றிடத்தையும் சிறப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. அடுத்து உடற்பயிற்சி. அதனை வலிமையுள்ளவனும் தன் ஆற்றலில் பாதியளவே செய்யவேண்டும் என்பது விதி. நெற்றியில் வியர்வை அரும்பி, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் பாதி ஆயிற்று என்று அறியலாம். மூன்றாவதாகப் பொடி. நம் வீடுகளில் பயத்தம் மாவும் சீயக்காயும் அரப்பும் செய்த வேலை அது. மிகுந்திருக்கும் எண்ணெயையும் வியர்வையோடு கலந்த அழுக்கையும் அது வழித்து எடுத்துவிடுகிறது. ஆனால் தோலுக்கு இயல்பாக உள்ள நெய்ப்பை முழுதும் பறிப்பதில்லை. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது என்பதும், சாதாரணச் சவர்க்காரம் காரத்தன்மை உடையது என்பதும் இன்று நாம் அறிந்தவை. சவர்க்காரத்தை மிகுதியாகப் பூசினால் தோல் வறண்டு அரிப்பெடுப்பது இதனால்தான்.

இனி நீராடலுக்கு வருவோம். அது பசியைத் தூண்டும், ஆயுளை வளர்க்கும், ஊக்கமும் வலிமையும் தரும். அரிப்பு, அழுக்கு, களைப்பு, வியர்வை, சோம்பல், தாகம், எரிச்சல் ஆகியவற்றை நீக்கும் என்று வாக்படர் பயன்களை அடுக்குகிறார். இவற்றுள் அழுக்கைப் போக்குவது ஒன்றே ஒன்று. மற்றவை உடம்பின் உள்ளே நிகழ்பவை என்பது நோக்கத்தக்கது. பசியை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. உடம்பில் உணவைச் செரிக்கச் செய்யும் தீ ஒன்று இருப்பதாக ஆயுர்வேதம் கொள்கிறது. அதற்கு அக்கினி என்று பெயர். குளிர்ந்த நீர் மேலே படும்போது தோலில் பரவியிருந்த வெப்பம் உள்ளே ஒடுங்கி, அத்தீயைக் கிளர்ந்தெழச் செய்கிறது என்பது அவர்கள் கூறிய விளக்கம். தீ எழுந்தபின் உணவை இடவேண்டும். உணவை இட்டபின் தீயைக் கிளறுவதில் பொருளில்லை. “குளித்துக் குடி” என்ற வரிசையின் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

இக்கால உடலியல் இதனை வேறு சொற்களால் கூறும். நம் தோலில் 20 இலட்சத்திலிருந்து 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரும்பாலும் நாற்றமில்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. குளிர்ந்த நீர் பட்டவுடன் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது, மூச்சு ஆழமாகிறது, மயக்கம் தெளிகிறது. வெதுவெதுப்பான நீர் இதற்கு மாறாகக் குழாய்களை விரித்துத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் விரைவில் உறக்கம் வரும் என்று இக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் சோம்பலைப் போக்கும் என்று சொல்லப்பட்ட அதே நீராடலைச் சரகர் வேறோர் இடத்தில் உறக்கம் வரச்செய்யும் வழிகளுள் ஒன்றாகவும் சேர்த்திருக்கிறார். முரண்போலத் தோன்றும் இது முரணன்று. நீரின் வெம்மையும் பொழுதும் மாறினால் பயனும் மாறும்.

ஆகவேதான் நீரைப் பற்றியும் அந்நூல்கள் விதி செய்தன. குளிர்காலத்தில் மிகக் குளிர்ந்த நீர் கபத்தையும் வாதத்தையும் பெருக்கும். வேனிற்காலத்தில் மிகச் சூடான நீர் பித்தத்தைப் பெருக்கும் என்பது சுச்ருதர் கருத்து. கழுத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றுவது வலிமை தரும், தலையில் வெந்நீர் ஊற்றுவது மயிருக்கும் கண்ணுக்கும் நல்லதன்று என்பது வாக்படர் கருத்து. சூடான நீர் மயிரின் எண்ணெயைக் கரைத்து அதனை வறளச் செய்வதை எவரும் கண்ணாற் காணலாம். நம் பேச்சு வழக்கும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. “மேலுக்கு ஊற்றிக்கொண்டேன்” என்பது ஒன்று; “தலைக்கு ஊற்றிக்கொண்டேன்” என்பது வேறொன்று; “எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்” என்பது மற்றொன்று. அம்மை கண்ட குழந்தைக்கு நோய் இறங்கியபின் வேப்பிலை இட்ட நீரைத் தலைக்கு விடுவது நம் வீட்டு வழக்கம். அந்நாள் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதை எழுத்தறியாத தாயும் அறிந்திருந்தாள். குளிக்கும் நாள் உண்டென்றால் குளிக்காத நாளும் உண்டு. நான் சறுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

1988ஆம் ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் நான் உதவி ஆசிரியனாகவும் மாணவர் விடுதியின் காப்பாளனாகவும் இருந்தேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பயிற்சிக் கல்லூரியில் ஒழுங்கின் பெருமையைக் கற்றுக்கொண்டு வந்தவன். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம் என்று நம்பியவன். நீராடலின் பயன்களை ஒரு நூலில் படித்து, அவற்றைக் கரும்பலகையில் அழகாக எழுதி, விடுதித் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மாட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்குள் அனைவரும் தலையோடு நீராடிவிட வேண்டும் என்று கட்டளையும் இட்டேன். மார்கழி மாதம். காற்றுச் சில்லென்று வீசும். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே ஊற்றிக்கொள்வார்கள். நானும் அவர்களோடு நின்று ஊற்றிக்கொள்வேன். கட்டளையிடுபவன் தானும் செய்கிறான் என்ற பெருமிதம் எனக்கு.

எட்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுவன் நாள்தோறும் மேலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு நழுவிவிடுவான். அவன் தலை நனையாதிருப்பதை நான் இரண்டு முறை கண்டு எச்சரித்தேன். மூன்றாம் முறை, அவனைத் தொட்டியருகே நிறுத்தி, மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க, நானே செம்பில் மொண்டு தலையில் ஊற்றினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையால் இடது காதை மட்டும் பொத்திக்கொண்டான். அதனை நான் அடம் என்று எண்ணினேன். அதுமுதல் அவன் விதியை மீறவில்லை. தை பிறந்தபின் வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்புவதில்லை. அதனையும் பணிவின்மை என்றே எண்ணினேன்.

எங்கள் ஊரில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதிய வைத்தியர் ஒருவர் இருந்தார். ஒரு மாலை அவர் விடுதிக்கு வந்தபோது அச்சிறுவன் காதிலிருந்து சீழ் வடிவதைக் கண்டு அருகே அழைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். சிறு வயதிலிருந்தே அவ்வப்போது வரும், இப்போது நிற்கவில்லை என்றான் சிறுவன். “தலைக்குத் தண்ணீர் விடச் சொன்னது யார், குழந்தை?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். வைத்தியர் கரும்பலகை அருகே சென்று அதனை மெல்லப் படித்தார். பிறகு என்னிடம், “மாஷே, பலகையில் இடம் போதவில்லையோ? நன்மை சொன்ன சுலோகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவதைக் காணோமே?” என்றார். மாஷ் என்பது மலையாளத்தார் ஆசிரியரை அழைக்கும் சொல். அந்தக் குரலில் ஏளனமில்லை. இருந்தும் அன்று நான் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

அவர் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். நீராடலின் பயன்களைச் சொல்லி, வெந்நீரின் விதியைச் சொல்லி, உடனே வாக்படர் நீராடல் ஆகாத ஒன்பது நிலைகளைச் சொல்கிறார். முகவாதம், கண்நோய், வாய்நோய், காதுநோய், வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பொருமல், பீனிசம், செரியாமை, உண்டவுடன் ஆகியவையே அவை. சுச்ருதர் காய்ச்சலையும் காதுவலியையும் சேர்த்து எண்ணுகிறார். நான்காவதாக நிற்கும் காதுநோயைக் கேட்டபோது, சிறுவன் காதைப் பொத்திக்கொண்ட காட்சி என் கண்முன் வந்தது.

மறுநாளே அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். செவிப்பறையில் முன்பே ஓட்டை இருந்தது; அதன் வழியே நீர் புகும்போதெல்லாம் கிருமிகளும் நடுக்காதுக்குள் சென்று புண்ணை வளர்த்திருக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். மருந்தால் சீழ் நின்றது. சில ஆண்டுகளுக்குப் பின் அறுவை செய்து பறையையும் மூடினார்கள். ஆயினும் அந்தக் காதின் கேள்வி முழுதும் திரும்பவில்லை. நோயை நான் உண்டாக்கவில்லை. அதனை வளர்த்ததில் எனக்குப் பங்கு உண்டு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். “ஏனப்பா தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை?” என்ற அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. பின்னர்த் தலைமையாசிரியனாகி 2018ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை, ஒரு பிள்ளையைக் கண்டிக்க வாயெடுக்கும் போதெல்லாம் அக்காது என் நினைவில் நின்றது.

மாணவர்களே, பழைய நூல் சொன்ன ஒவ்வொன்றும் இன்றைய அறிவுக்கு ஒத்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. காதுநோய்க்கு இரண்டும் ஒன்றுபடுகின்றன. சளியின் காரியத்தில் வேறுபடுகின்றன. சளியை உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்கிருமி, குளிர்ந்த நீர் அன்று. காய்ச்சலுற்றவரைக் குளிர்நீரில் நடுங்கவிடலாகாது. ஆனால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைப்பதற்கு இன்றைய மருத்துவர்கள் தடை சொல்வதில்லை. நாள்தோறும் காதில் எண்ணெய் விடுமாறு பழைய நூல்கள் கூறுகின்றன. செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கும் சீழ் வடிபவருக்கும் அது தீங்காகும்; பச்சிளங்குழந்தையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதல் கூடவே கூடாது. இதய நோயுள்ள முதியவர்கள் மிகக் குளிர்ந்த நீரைத் திடீரென்று ஊற்றிக்கொண்டால் இரத்த அழுத்தம் சட்டென உயரும். ஆதலால் அவர்கள் அதனைத் தவிர்க்கவேண்டும். நூல் கற்பித்த அளவு என்னும் பண்பை நூலின்மீதும் செலுத்திப் பார்ப்பதே அதனை மதிக்கும் முறை.

உங்கள் அன்றாட வாழ்வுக்கு இதில் கொள்ளத்தக்கவை சில உண்டு. காலையில் எழுந்து சிறிது ஓடியாடி வியர்த்தபின், மூச்சு அடங்கும்வரை பொறுத்து நீராடுங்கள், அதன்பின் உண்ணுங்கள். பருவத்துக்கும் உடம்புக்கும் ஏற்ற வெம்மையில் நீரைக் கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையேனும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வீட்டில் நாள் குறித்து வைத்திருந்தார்கள். இன்று பல வீடுகளில் தீபாவளி ஒருநாள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. விடுமுறை எந்நாளோ அந்நாளே போதும். தேர்வுக் காலத்தில் இரவு படுக்குமுன் வெதுவெதுப்பான நீரில் மேலுக்கு ஊற்றிக்கொண்டால், கண் விழித்துப் படித்த களைப்புத் தணிந்து நல்லுறக்கம் வரும். நீரை வாரியிறைக்க வேண்டியதில்லை. ஒரு வாளி நீரில் ஒருவன் நன்றாகக் குளிக்கலாம். தொலைவிலிருந்து குடம் சுமந்து நீர் கொண்டுவரும் வீடுகள் இன்றும் நம் நாட்டில் இருக்கின்றன.

இன்னும் ஒன்று. உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள், மருத்துவராவீர்கள், பெற்றோராவீர்கள். ஒரு பிள்ளை குளிக்காமல் வந்து நின்றால் அவனைச் சோம்பேறி என்று சொல்லுமுன் காரணத்தைக் கேளுங்கள். வீட்டில் நீர் இல்லாதிருக்கலாம். உடம்பில் நோய் இருக்கலாம். சொல்ல நாணம் இருக்கலாம்.

அந்த விடுதியில் நான் மாட்டிய கரும்பலகையை மறுவாரமே அழித்து எழுதினேன். பயன்களை மேற்பாதியில் சுருக்கிக்கொண்டு, நீராடல் ஆகாத ஒன்பதையும் கீழ்ப்பாதியில் எழுதினேன். இடம் போதுமானதாகவே இருந்தது. எழுதி முடித்தபோது அச்சிறுவன் வந்து நின்று, நான்காவது வரியை வாய்விட்டுப் படித்தான். படித்துவிட்டு, “இது முன்பே இருந்ததா, சார்?” என்று கேட்டான். “நூலில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை” என்றேன்.